யாழினிக்கு உப்புத்தாள் மட்டும்

என் அன்புச் சாந்தி,

நீ போனபிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இப்படிக் கோபத்தோடு ஆரம்பிக்கிறதே என்று எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? பள்ளியில் பேச்செடுத்தால், "விடுங்க கோமதி டீச்சர், உங்களுக்கு எதுக்கு வீண் வம்பு" என்கிறார்கள். வீட்டில் சொன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாழினி நன்றாக இருக்கிறாள். யுகேஜி வந்துவிட்டாள், என் வகுப்புதான். முன்பல் ஒன்று ஆடுகிறது, பார்ப்பவர்களிடமெல்லாம் ஆட்டிக் காட்டுகிறாள். கடத்தூரிலிருந்து உன் நாத்தனார் வந்து தங்கியிருக்கிறார். தலைபின்னி, பூ வைத்து, நேரத்துக்கு அனுப்பிவிடுகிறார். அதில் ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் நம் மரவேலை மேசையைப் பற்றித்தான்.

அதியமான்கோட்டையில் ஹைவே ஓரத்து இந்தச் சின்னப் பள்ளியில், எல்கேஜி பிள்ளைகளுக்கு மரவேலை என்று நீ சொன்னபோது முதலில் சிரித்தவள் நான்தான். "நாலு வயசுப் புள்ள கையில சுத்தியலா? உனக்கு என்னா ஆச்சுடி?" என்று கேட்டேன். மறுநாள் ஒரு வாழைத்தண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாய். கூடவே அகலத் தலை ஆணிகள், பிடி குட்டையான சுத்தியல், துணி காயப்போடும் க்ளிப், கட்டையைத் தேய்த்து வழவழப்பாக்க உப்புத்தாள். ஆணியை க்ளிப்பால் பிடித்தால் விரல் பக்கத்திலேயே வராது என்று செய்து காட்டினாய்.

எத்தனை கறாராக இருந்தாய்! கண்ணில் தெறிக்காமலிருக்கப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மேசைக்கு வரக்கூடாது, டீச்சரும்தான். ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கிடையாது. பக்கத்தில் நம்மில் ஒருத்தி உட்கார்ந்தே இருக்க வேண்டும். போன் வந்தாலும் சரி, தாளாளரே கூப்பிட்டாலும் சரி, எழுந்திருக்கக் கூடாது. வாழைத்தண்டில் கை பழகிய பிறகுதான் மென்மையான பெட்டிப் பலகை. அதற்கும் வெகுநாள் கழித்துத்தான் ரம்பம். பலகையை மேசையோடு இறுக்கிவிட்டு, ரம்பத்தின் பிடியை இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாய். "ரெண்டு கையும் பிடியில இருந்தா அறுபடறதுக்கு எந்தக் கை மிச்சம் இருக்கு, சொல்லு?" என்று என்னையே மடக்கினாய்.

வகுப்பில் வாயே திறக்காத ரித்திக், இரண்டு கட்டையை ஒன்றாக ஆணியடித்துவிட்டு "லாரி" என்று சொன்னானே. அன்று நீ அழுததை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தானே என்று எல்லோரும் இருந்துவிட்டோம். சேலத்துக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது. அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

நீ இல்லாமலும் மேசையை நான் விடவில்லை. உன் கட்டுப்பாடுகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தவில்லை. அப்படியிருந்தும் இந்த வருடம் எல்லாம் தலைகீழானது.

பள்ளி திறந்த புதிதில் தர்ஷன் என்ற பையனின் விரல் நசுங்கியது. மேசையில் இல்லை, சாந்தி. கழிப்பறைக் கதவில். காற்றுக்கு அந்த இரும்புக் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும், உனக்குத்தான் தெரியுமே. அதில் மாட்டி நகம் கறுத்துப்போனது. நான்தான் ஐஸ் வைத்துவிட்டு அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவரும் வந்து கதவைப் பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கதவு சுத்தியலாக மாறிவிட்டது. "சின்னப் புள்ளைங்கள ஆசாரி வேல செய்ய வுடறாங்க" என்று ஒருவர். "விரலே போச்சாம்" என்று இன்னொருவர். தர்ஷனின் அம்மாவைத் தேடிப் போனேன்.

"கதவுன்னு எனக்குத் தெரியுங்க டீச்சர்" என்றார். "ஆனா குரூப்புல எல்லாரும் பேசிட்டாங்க. நான் போயி இல்லன்னு சொன்னா எங்க வூட்டுக்காரரு சைடு ஆளுங்களையே பொய்யின்னு சொன்ன மாதிரி ஆயிடுங்க."

தாளாளரிடம் போனேன். அவருக்கும் உண்மை தெரியும். "அட்மிஷன் நேரத்துல நான் எத்தன பேருகிட்ட கதவு கதவுன்னு சொல்லிட்டுத் திரியறது டீச்சர்?" என்றார். மேசையை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப் போட்டார்கள். சுத்தியலும் ரம்பமும் அவருடைய பீரோவுக்குள் போயின. கதவைச் சரிசெய்தாரா என்றால், இல்லை. இன்றைக்கும் காற்றடித்தால் அறைகிறது. அதைப் பற்றிக் குழுவில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மேசைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் செட் வந்தது. சிவப்புச் சுத்தியல், அடித்தால் கீச்சென்று கத்தும். யாழினி அதை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது பொய்ச் சுத்தி" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

விடவில்லை நான். கேட்டுக் கேட்டு, கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் கொஞ்ச நேரம் வாங்கினேன். மேசையை வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டு, அப்பாக்களையே அடிக்கச் சொன்னேன். பாதிப் பேர் ஆணியை வளைத்தார்கள். சிரிப்பு வந்தது, பயமும் கொஞ்சம் குறைந்தது. விருப்பமுள்ளவர்கள் கை தூக்கினால் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் நடத்தலாம், ரம்பம் மட்டும் கூடாது என்றார் தாளாளர்.

பையன்களைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம், மூஞ்சியில பட்டா நாளைக்கு யாரு கேப்பாங்க?" என்றார் ஒரு அம்மா. உனக்கு எப்படி எரிந்திருக்கும்! நான் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். முருகேசண்ணன் கை தூக்குவார், அவரைப் பார்த்து நாலு பேர் தூக்குவார்கள் என்று எவ்வளவு நம்பியிருந்தேன் தெரியுமா?

அவர் தூக்கவில்லை.

வெளியே வண்டி நிறுத்திய இடத்தில் போய்ப் பிடித்தேன். "அண்ணா, இது சாந்தி ஆரம்பிச்ச மேசைங்க."

"தெரியும் டீச்சர். யாழினிக்கு வேணாம்." வண்டியை உதைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "வேணும்னா அந்த உப்புத்தாள வெச்சுத் தேய்க்கட்டும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? பஞ்சர் கடையில் நாள் முழுக்க லாரி டயரைச் சம்மட்டியால் அடித்துக் கழற்றுகிற மனிதர். தினமும் மகளை டேங்க் மேல் உட்காரவைத்து ஹைவேயில் எதிர்த் திசையில் வருகிற மனிதர். அதெல்லாம் பயமில்லை, என் கண்முன்னால் குட்டிச் சுத்தியலைப் பிடிப்பது பயமா?

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் பையன்கள் டொக் டொக்கென்று அடிப்பார்கள். யாழினி ஓரமாக உட்கார்ந்து ஒரே கட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அடம்பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் அடம்பிடிக்கவில்லை. ஒருநாள் கட்டையை நீட்டி, "டீச்சர், இதுல தேய்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேராக அண்ணனின் பஞ்சர் கடைக்குப் போனேன். கிரீஸ் கையோடு நின்றவரிடம் நீட்டினேன். "உங்க பொண்ணு செஞ்ச வேலைங்க இது. இன்னும் தேய்ச்சா கட்டையே இருக்காது."

கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். விரலால் தடவிப் பார்த்தார்.

"சாந்திக்குக் காய்ச்சல் வந்தப்பவும் ஒண்ணும் ஆவாதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க" என்றார். "நீங்களுந்தான் சொன்னீங்க."

சாந்தி, அந்த நிமிடம் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஆமாங்கண்ணா, சொன்னேன்" என்றேன். "இப்ப அப்படிச் சொல்ல வரலைங்க. அடி படலாம். நகம் கறுக்கலாம். பெருசா எதுவும் ஆவாம இருக்க என்னென்ன பண்ணணுமோ அத்தனையும் பண்ணுவேன், பக்கத்துலயே இருப்பேன். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. நீங்களே வந்து உக்காந்து பாருங்க."

வந்தார். அந்த வெள்ளிக்கிழமை குழந்தைகள் நாற்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்தார். "கண்ணாடி போட்டாத்தான் இங்க வரணும்ப்பா" என்று யாழினி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் காதுக்கு அது பத்தவில்லை, கையால் பிடித்துக்கொண்டார்.

முதல் ஆணி சாய்ந்தது. இரண்டாவதில் க்ளிப் நழுவி, சுத்தியல் அவள் விரல் முட்டியை உரசிவிட்டது. அண்ணன் எழுந்தேவிட்டார். யாழினி விரலை வாயில் வைத்துச் சப்பினாள். கண்ணில் நீர் தளும்பியது. "வலிக்குதுப்பா" என்றாள். அவர் அவளைத் தூக்கப் போனார்.

"இருங்கப்பா, இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு அவளே க்ளிப்பைச் சரிசெய்து மறுபடி சுத்தியலை எடுத்தாள். அடித்தாள். ஆணி இறங்கியது.

அண்ணன் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பி, "அடுத்த வெள்ளிக்கெழமையும் நான் வரணுங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"வரணும்னு இல்லைங்கண்ணா. அவ பாத்துக்குவா."

"இல்ல, வரேன்" என்றார்.

இதை நல்ல செய்தி என்று நீ குதிப்பாய். என்னால் குதிக்க முடியவில்லை. ஒரு பெண் பிள்ளை சுத்தியல் பிடிக்க இத்தனை பாடு என்றால் மற்றவர்களுக்கு? அவர்கள் இன்னும் சுவரோரம் நின்று வேடிக்கைதான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு அப்பனையும் கடைகடையாய்த் தேடிப் போக எனக்குக் கால் எங்கே இருக்கிறது? நீ இருந்திருந்தால் பாதித் தெரு உன்னுடையது, பாதித் தெரு என்னுடையது. இப்படி என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனாயே என்று உன்மேலும் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன்.

ஆனாலும் போவேன். வரும் வாரம், "மூஞ்சியில பட்டா" என்று கேட்ட அந்த அம்மாவின் வீட்டுக்கு, கண்ணாடியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போகிறேன். அவரையே முதலில் ஒரு ஆணி அடிக்கச் சொல்வேன். மாட்டேன் என்றால் மறுபடி போவேன்.

உன் பிள்ளைக்குச் சித்தி,
கோமதி