வாய்க்காலுக்கு அப்பால் விழுந்த வாத்து

14 ஏப்ரல் 1985, ஹொல்ஸ்டெப்ரோ, டென்மார்க்

பூசை முடிந்து டேனிஷ்காரன் நீல்ஸின் பண்ணைக்குப் போனேன். போன இலையுதிர் காலம் முழுக்க ஃபியோர்ட் என்கிற கடற்கழிக் கரையில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து, வடக்கிலிருந்து வந்திறங்கும் வாத்துகளை அவன் சுடச் சுடப் பொறுக்கிக் கொடுத்தவன் நான். இந்த முறை துவக்கைக் கேட்டேன். அனுமதி இல்லாமல் தொடக்கூடாதாம். அதற்கு வேட்டைப் பரீட்சை இருக்கிறதாம். மன்னார்க் களப்பில் முப்பது வருடம் சுட்டவனுக்குப் பரீட்சையா? சரி, எழுதுவோம். டேனிஷ் மொழியையே பேப்பர் பார்த்து நானாகப் படித்தவன்.

அந்தோனிதாசனும் பெயர் கொடுத்திருக்கிறான். எங்கள் மன்னார்ப் பொடியன், இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அவனை நீல்ஸிடம் கூட்டிக்கொண்டு போனதே நான்தான்.

18 மே

அவன் பாஸ். நான் இல்லை.

நீ சுட்ட வாத்து பக்கத்துக்காரன் நிலத்தில் விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். போய் எடுப்பேன் என்றேன். எங்கள் பக்கத்தில் எவன் வெடியில் விழுந்ததோ அவன் பறவை. எங்கே விழுந்தால் என்ன? முதலில் நிலத்துக்காரனைக் கேட்க வேண்டும் என்றார் பரீட்சைக்காரர். நான் விடவில்லை. வேறு கேள்விகளிலும் இப்படியே வாதாடினேன்.

அந்தோனிதாசன் ஞானோபதேசம் ஒப்புவிப்பது போல ஒப்புவித்தானாம்.

8 செப்டெம்பர்

பூசைக்கு வந்த சனத்துக்கெல்லாம் அவன் சுட்ட வாத்துக் கதைதான். சுவாமியாருக்கும் ஒன்று கொடுத்தானாம். நாணலுக்குள், நீல்ஸுக்கு வலப் பக்கம், நான் இருந்த இடத்தில் இப்போது அவன்.

"அவனுக்குக் கிடைச்சா உங்களுக்கு ஏனப்பா எரியுது?" என்கிறாள் மனைவி மேரிசெலின்.

எரியவில்லை.

9 செப்டெம்பர்

எரிகிறதுதான்.

12 அக்டோபர்

நீல்ஸ் கூப்பிட்டான் – சுமப்பதற்கு. போனேன். அந்தோனிதாசன் சுட்ட வாத்து வாய்க்காலைத் தாண்டிப் பக்கத்துக்காரனின் பீட்ரூட் வயலில் விழுந்தது. ஒரே பாய்ச்சலில் கடந்து போனான். நில்லடா என்று சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. பாஸ் பண்ணினவனுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

பக்கத்துக்காரன் நாயோடு வந்து வாத்தைப் பறித்தான். பொலிசுக்கு எழுதப் போகிறானாம். எழுதினால் அந்தோனிதாசனின் அனுமதி போய்விடும் என்றான் நீல்ஸ்.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

14 அக்டோபர்

அந்தோனிதாசன் வந்தான். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அண்ணை, பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"புத்தகத்தைப் பாடமாக்கினது நீயடா."

"புத்தகம் பரீட்சைக் கதிரையில இருக்கேக்கதான் ஞாபகம் வருது. வாத்து விழ, என்ர கால் மன்னார்க் காலாப் போட்டுது."

பரீட்சையில் நான் சொன்ன பதிலைத்தான் அவன் கால் சொல்லியிருக்கிறது. இதை அவனிடம் சொல்லவில்லை.

15 அக்டோபர்

சைக்கிளில் பக்கத்துக்காரனிடம் போனேன். மன்னிப்புக் கேட்க அல்ல, என் பதில் சரியென்று காட்ட. கோப்பி தந்தான். பிற்பகல் முழுக்க வாதாடினோம். அவன் அசையவில்லை, நானும்தான். "நீங்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை" – திரும்பத் திரும்ப இதுதான் அவன் பேச்சு. கொட்டிலில் அந்த வாத்து தொங்கியது.

கடைசியில் கேட்டேன். அந்த வாத்தைத் தருவாயா?

தந்தான். இப்போது கேட்டுவிட்டதால் பொலிசுக்கு எழுதவும் மாட்டானாம்.

சமைத்தாயிற்று. அந்தோனிதாசனுக்கு ஒரு கால் கொடுத்தனுப்பினேன். ஒன்று போதும்.

6 ஏப்ரல் 1986

பரீட்சைக்கு மறுபடி பெயர் கொடுத்தேன். வகுப்புக்குக் காரில் ஏற்றிப் போகிறேன் என்றான் அந்தோனிதாசன். சைக்கிள் இருக்கிறது என்றேன். அவன் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். நிலத்துக்காரனைக் கேட்க வேண்டும் என்ற வரியின் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறான்.

அதன் மேலேயே நானும் ஒன்று போட்டேன். அவனுடையதைவிடத் தடிப்பாக.