மரியோரிஸுக்குப் போட்ட ஊசி

அன்பு மகள் நொயெமிக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை, சாந்தியாகோ நகரத்துக் குளிரில் நீயாவது சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம். சித்தியைப் பார்க்க வரும் நர்ஸ் யாதிரா இதைத் தபாலில் சேர்த்துவிடுவாள்.

உன் டெல்ஃபினா சித்தியை இனி வைத்துக்கொண்டு பயனில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள், கர்ப்பப்பை வாயில் புற்று. யாராவது கேட்டால் அப்பா வயிற்றுவலி என்கிறார். அந்தப் புற்றைக் கொண்டுவரும் கிருமிக்குப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள் என்று யாதிராதான் சொன்னாள். உன் தங்கை மரியோரிஸுக்குப் பதினொரு வயது, "இந்த வயசுல போட்டா உடம்பு சட்டுனு கத்துக்கும்க்கா, பெரியவங்களைவிட எதிர்ப்புச் சக்தி நல்லா ஊறும்" என்றாள். சித்தி படுத்தபடியே, எனக்கும் ஒண்ணு போட்டு விடேண்டி என்றாள். யாதிரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வந்ததை இது விரட்டாதுக்கா, வராமத்தான் தடுக்கும் என்றாள். அப்போ என் பங்கையும் சேர்த்துச் சின்னவளுக்குப் போடு என்று சித்தி சிரித்தாள், என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

அப்பா பிடி கொடுக்கவில்லை. அக்கரையில் ஒரு பள்ளியில் ஊசி போட்ட பிள்ளைகள் வரிசையாக மயங்கி விழுந்ததை டிவியில் காட்டினார்கள். அது பயத்தில் வந்த மயக்கம், ஊசியால் இல்லை என்று டாக்டர்கள் சோதித்துச் சொன்னார்கள். அப்பாவோ, "டாக்டருக்கென்ன, அவன் பொண்ணா விழுந்துச்சு?" என்கிறார். அவர் படகோடு போயிருந்த நாளில் நானே கூட்டிப் போய்ப் போட்டுவிட்டேன். சாயங்காலம் அவளுக்குக் கை வீங்கிக் காய்ச்சல் வந்தது. உடம்பு கிருமியை அடையாளம் கண்டு படை திரட்டுகிறது, அந்தச் சூடுதான் இது என்றாள் யாதிரா. மறுநாள் காய்ச்சல் இறங்கி, பொரித்த மீனும் மரவள்ளிக்கிழங்கும் கேட்டு வாங்கித் தின்றாள். ஆனால் அப்பா அவள் கை வீக்கத்தைப் பார்த்துவிட்டார், "என் பொண்ணை வச்சுச் சூதாடிட்டியேடி" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அடிக்கவில்லை, அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து வாசல் கேட் சாவி அவர் சட்டைப் பையில். நான் கடைக்குப் போனாலும் கூடவே வருகிறார். சித்தியை விட்டுவிட்டு நான் எங்கே போக, அது அவருக்கும் தெரியும். பிள்ளை கல் தடுக்கினால்கூட என்னைத்தான் முறைக்கிறார், அதனால் அவள் களைத்தாலும் உட்காருவதில்லை, கொட்டாவியைக்கூட வாய்க்குள் விழுங்குகிறாள். ஆறு மாதத்தில் இரண்டாவது ஊசி இருக்கிறது. நேற்றுத் தலை வாரிவிடும்போது என் காதில், "நீ வராதம்மா, டீச்சர்கூட நானே போய்ப் போட்டுக்கிறேன், காய்ச்சல் வந்தா விளையாடி வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றாள். இந்த வயதில் என் பிள்ளை பொய்யை யோசித்து வைத்திருக்கிறாள், நொயெமி.

உனக்கு இருபத்துநாலுதான், இன்னும் போட்டுக்கொள்ளலாமாம், அங்கே டாக்டரிடம் கேள். போட்டாலும் போடாவிட்டாலும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, சித்தி வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டவள்தான். சித்தி உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். கன்னி மரியா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

பரிசோதனை முடிந்ததும் போன் செய், ஆனால் அந்தப் பேச்சை எடுக்காதே, பக்கத்தில் அப்பா இருப்பார். வயிறு நிறையச் சாப்பிட்டேன் அம்மா என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்வேன்.

உன் அம்மா,
எவுலாலியா