செவலை தின்ன வடை

ஆமாப்பா, நான்தான் வெச்சேன். இந்த வூட்ல வேற யாரு இருக்காங்க? உன் நாய் செவலைக்கு இன்னா ஆச்சுன்னு தெருவே கேக்குது. எல்லாரும் படிக்கட்டும்னு உனக்கே எழுதறேன், என் தங்க அப்பா.

நீ செத்ததுல இருந்து எலி ஜாஸ்தி. அரிசி மூட்டைய ஓட்ட போட்டுச்சி, வுட்டுட்டேன். கொடியில தொங்கின உன் நீல சட்டையக் கடிச்சிச்சி பாரு, அதான் தாங்கல. எலி மருந்து வாங்கியாந்து தக்காளில தடவி வெச்சேன். மோந்துகூட பாக்கல. டீக்கடையில ஒரு மசால் வடை வாங்கி, அதுல தடவி, பேப்பரோட மூட்டை சந்துல வெச்சிட்டு லோடு ஏத்தப் போயிட்டேன்.

தினம் சாயங்காலம் வடக்கனந்தல் பஸ்ஸுல எறங்கி, பேப்பர்ல மடிச்ச வடைய நீதான செவலைக்குக் குடுப்ப? நான் மறந்துட்டேன்பா. அது மறக்கல.

வந்து பாத்தா வாய்ல நொரை. பேப்பரை சுத்தமா நக்கி வெச்சிருக்குது. பக்கத்து வூட்டு அஞ்சல அக்கா, "டேய், சோப்புத் தண்ணி ஊத்துடா"ன்னாங்க. ஊத்தினேன். சாக்குல சுத்தி, அக்கா பின்னால புடிச்சிக்கினு வர, பைக்ல மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

"இன்னா மருந்து? கவர் எங்க?"ன்னாரு டாக்டர்.

"அடுப்புல போட்டுட்டேன் சார்."

"வாய்ல எதுனா ஊத்தினியா?"

"சோப்புத் தண்ணி."

"மூச்சுக் கொழாய்ல போனா அதுவே கொன்னுடும்யா. நீயா எதையும் ஊத்தாத. இன்னொரு தபா இப்பிடி ஆச்சின்னா கவர எடுத்துக்கினு நேரா ஓடியா."

மருந்து வாங்கின கடைக்கு ஓடி, அதே கவர போட்டோ புடிச்சாந்து காட்டினேன். அதப் பாத்துட்டுதான் எந்த ஊசின்னு முடிவு பண்ணாரு.

மூணு நாளாச்சி. கஞ்சி ரெண்டு வாய் நக்குது, படுத்துக்குது. பொழைக்குமா சார்னா, "பாக்கலாம்"ங்கறாரு. பத்தாவதுல நான் நின்னப்போகூட நீ திட்டல. இதுக்காச்சும் திட்டேன்பா. வூட்ல ஒரு சத்தம் இல்ல.

இனிமே இந்த வூட்ல தின்ற பொருள்ல வெசம் தடவ மாட்டேன். பொறி வாங்கியாந்துட்டேன். உன் சட்டைய ட்ரங்குப் பெட்டில பூட்டிட்டேன். சத்தியம்.

இரு. பஸ் ஆரன் கேக்குது. செவலை தலையத் தூக்குது... எந்திரிச்சிட்டுதுப்பா! காலு நடுங்கிக்கினே வாசலுக்குப் போவுது, உன்னப் பாக்க. வுழுந்துடும். நான் போவணும்.

உன் ஒரே புள்ள