பூட்டி வைக்கும் ஃபோல்டர்

ஐப்பசி 9, செவ்வாய். ஜெகதாப்பட்டினம்.

புரோகிராம் எழுதுபவர்கள் பயன்படுத்தும் 'கிட்' (Git) மென்பொருளில் ஒரே புராஜெக்டைப் பல ஃபோல்டர்களில் வைத்து வேலை பார்ப்பதற்கான கையேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு ஃபோல்டர் இருந்த இடத்தில் இல்லையென்றால் கிட் ஒருநாள் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். திரும்பி வரும் என்றால், பெயரை நீக்காதபடி காரணம் எழுதிப் பூட்டி வைக்கலாம். பழைய கையேட்டில் இதைச் சொல்லவே இல்லை.

அப்போதுதான் அம்மா ரேஷன் கடையிலிருந்து வந்தாள்.

"தம்பி வந்து ரேகை வைக்கலேன்னா கார்டுலேருந்து பேரை எடுத்துருவாங்களாம். எலங்கை ஜெயில்ல கெடக்குறவன் எப்புடிடீ வருவான்?"

"என்னை என்ன செய்யச் சொல்றே?" என்று எரிந்து விழுந்தேன். அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

கையேட்டில், ஃபோல்டரைப் பூட்டுவதற்கு உதாரணமாக ஒரு காரணம் தேவைப்பட்டது. 'கடலுக்குப் போனவன், வருவான்' என்று அடித்தேன். காலையில் மேனேஜர் பார்ப்பதற்குள் அழிக்க வேண்டும். இன்னும் அழிக்கவில்லை.