எட்டு மஞ்சள் கோடுகள்

மாப்ள,

இன்று காலை பாடாங் செராயில் இரும்புச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். மஞ்சள் பெயிண்ட் பேனா ஒன்று கேட்டேன். எழுதுகிறதா என்று பார்க்கக் கடைக்காரர் மூடியைத் திறந்து ஒரு பழைய அட்டையில் கோடு இழுத்தார். அந்தத் தின்னர் வாடை மூக்கில் ஏறியதும் பேனாவை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். வாசலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளில் சாவியைப் போட்டேன். பிறகு மறுபடி உள்ளே போய் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அது உன் சட்டைப் பையின் வாடை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் தங்கச்சியைக் கட்டியபிறகு உன்னை 'வாங்க போங்க' என்றுதான் பேச வேண்டும் என்று அம்மா எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். நாலு பேர் முன்னால் 'வாங்க மாப்பிள்ளை' என்பேன். பட்டறைக்குள் நுழைந்ததும் பழையபடி 'டேய்' ஆகிவிடும். கூலிம் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் நின்ற காலத்திலிருந்து வந்த பழக்கம், கல்யாணத்தால் மாறவில்லை. இந்தக் கடிதத்திலும் 'நீ' என்றே எழுதுகிறேன். மரியாதையாக எழுதினால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் நழுவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

தொழிற்சாலையில் நீ கியூசி, சரக்கைச் சரிபார்த்து விடுபவன். உன் கண்ணில் படாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது. அதனால் உனக்கு அங்கே வேண்டாதவர்கள் நிறைய, நான்கூட மாதத்தில் பத்து நாள் வேண்டாதவன்தான். தொழிற்சாலையை மூடியபோது லூனாஸில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, வேன்களை கேம்பர் வேனாக மாற்றும் வேலையைத் தொடங்கினோம். வேனுக்குள்ளேயே அடுப்பு, அலமாரி, மடக்கினால் கட்டிலாகும் நீள சீட்டு. ஏரிக்கரையில் நிறுத்திக் குடும்பத்தோடு தூங்கி எழுந்து வருவதற்கு. பலகை வேலையும் வாய்ப்பேச்சும் என்னுடையவை. இரும்பும் சரிபார்ப்பும் உன்னுடையவை.

அந்த மஞ்சள் கோடு நீ தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்தது. ஒரு நட்டை, அளவு வைத்த ஸ்பேனரில் 'டிக்' என்று சத்தம் வரும்வரை இறுக்க வேண்டும். உடனே நட்டின்மேல் தொடங்கி அடித்தகடுவரை ஒரு கோடு இழுக்க வேண்டும். பின்னாளில் நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து நிற்கும், எட்ட இருந்தே தெரிந்துவிடும். ஒன்றை இறுக்கு, அதற்குக் கோடு போடு, பிறகுதான் அடுத்தது. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுக் கடைசியில் சேர்த்துப் போட்டால் என்ன என்று கேட்டேன். "அப்படிப் போட்டா அது கலர் அடிக்கிறது மச்சான், செக் பண்றது இல்ல" என்றாய். பேனா உன் சட்டைப் பையைவிட்டு இறங்காது. என் தங்கச்சி தோய்த்துத் தோய்த்தும் போகாத மஞ்சள் கறை உன் எல்லாச் சட்டையிலும் இருந்தது.

நம் இருவருக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். வேனை அரசாங்க ஆய்வுக்குக் கொண்டுபோகும் நாளில், நாம் செய்த நீள சீட்டைக் கழற்றிவிட்டு, வேனோடு வந்த பழைய சீட்டுகளைத் திரும்ப மாட்டி அனுப்புவேன். பாஸாகி வந்ததும் மறுபடி நம் சீட்டு உள்ளே ஏறும். முறைப்படி வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்கப் போனால் மாதக்கணக்கில் ஆகும், காத்திருக்க ஆள் இருக்காது என்பது என் நியாயம். நம் வட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னேன். நீ பழைய சீட்டைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே, "பாஸானது இந்தச் சீட்டு மச்சான். ஆளு உட்காரப் போறது அந்தச் சீட்டுல" என்று மூலையைக் காட்டினாய். அந்த நீள சீட்டை உன்னைத் தவிர உலகத்தில் யாரும் சோதித்ததில்லை. அதனால்தான் நீயே ஒரு தாள் தயாரித்தாய். இன்னின்ன இடத்தில் இத்தனை நட்டு, இன்ன அளவுக்கு இறுக்கியது, கீழே உன் கையெழுத்து. அதை ஒவ்வொரு வேனிலும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுவாய். நான் அதைக் கோயில் ரசீது என்று கேலி செய்வேன்.

பாக்கார் ஆராங்கிலிருந்து வந்த தம்பதியின் வேன் போன நாளுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இத்தனை சுற்று.

ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவர் மனைவியும். தீபாவளி விடுமுறைக்குப் பெடு ஏரிக்குப் போவதாக ஏற்பாடு. சாயங்காலம் வேனை எடுக்க வருவதாகச் சொன்னவர்கள் மதியமே பட்டறைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால்தான் நாம் நீள சீட்டைத் தரையில் பூட்டிக்கொண்டிருந்தோம். நான் வேனுக்குள் உட்கார்ந்து போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள, நீ அடியில் படுத்து நட்டை இறுக்கினாய். 'டிக்', ஒரு கோடு. 'டிக்', ஒரு கோடு. இடது பக்கம் நாலும் முடிந்தபோது உனக்குப் போன் வந்தது. என் தங்கச்சி. பாடாங் செராய் சந்தைப் பக்கம் மோட்டார் நின்றுவிட்டது, வந்து பார் என்றாள். ஸ்பேனரையும் பேனாவையும் அங்கேயே வைத்துவிட்டு, "வந்து மிச்சத்த முடிச்சிடலாம் மச்சான்" என்று போனாய்.

அந்த 'மிச்சத்த' என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. விழவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். விழுந்தது.

நீ போன கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். அந்தம்மாவுக்கு வேன் ரொம்பப் பிடித்துவிட்டது. அலமாரியைத் திறந்து திறந்து மூடினார். "வீட்டு அடுப்பங்கரையவிட நல்லா இருக்கு தம்பி" என்றார். நான் பூரித்துப்போனேன். நான் பூரித்துக்கொண்டிருந்தபோதே வாத்தியார் பைகளையும் ஐஸ் பெட்டியையும் சீட்டின்மேல் ஏற்றி அடுக்கிவிட்டார். இனி அந்தப் பக்கப் போல்ட்டைப் பிடிக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். வேலை முடியவில்லை சார், இறக்குங்கள் என்று சொல்ல வேண்டும். பத்து நிமிட வேலை. புகழ்ந்த வாயிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, மாப்ள. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அடியில் படுத்தேன். வலது பக்கம் நாலு நட்டும் விரலால் திருகிய அளவில் நின்றன. உன் பேனாவை எடுத்து நாலு கோடு போட்டேன். உன்னுடையதைப் போலவே நேராக.

நீ திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தாய். எட்டு மஞ்சள். எழுந்து நின்று தலையைச் சொறிந்தாய்.

"நாம நாலுதானே முடிச்சோம்?"

"எட்டும்தான் முடிச்சோம். போன் வந்ததும் எழுந்து ஓடுன, ஞாபகம் இல்லையா?"

"ஒரு தடவ ஸ்பேனர் வச்சுப் பார்த்திடலாமா?"

"அவங்க பையெல்லாம் ஏத்திட்டாங்களே. நீ போட்ட கோட்ட நீயே நம்ப மாட்டியா? சுகர் மாத்திர ஆரம்பிச்சதுலேருந்து உனக்கு மறதி கூடிப்போச்சு."

வாத்தியார் சிரித்தார். நீயும் சிரித்தாய். அலமாரிக் கதவில் ஒட்டும் தாளில் கையெழுத்துப் போட்டாய். பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டாய்.

பெடுவுக்குப் போய் நன்றாகத்தான் திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் மூன்று நான்கு பயணம். எனக்கும் அந்த நாலு நட்டு மறந்தே போயிருந்தது. ஒருநாள் பாலிங் சாலையில் மாடு குறுக்கே வர, வாத்தியார் பிரேக் போட்டிருக்கிறார். அந்தம்மா நீள சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பெல்ட் அவரைச் சீட்டோடு பிடித்திருந்தது. சீட்டைத்தான் எதுவும் பிடித்திருக்கவில்லை. வலது பக்கம் பெயர்ந்து, சீட்டோடு போய் அலமாரியில் மோதித் தோள் எலும்பு முறிந்துவிட்டது.

வேனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது நீ அடியில் படுத்தவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் உன் கால்களைப் பார்த்தபடி நின்றேன். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாய். "இடது பக்கக் கோடு நாலும் நேரா இருக்கு. வலது பக்கம் ரெண்டு நட்டக் காணோம், ரெண்டுல கோடு உடைஞ்சிருக்கு. இறுக்காமலே கோடு போட்டிருக்கேன் மச்சான்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "விடு மாப்ள, யாருக்கும் நடக்கிறதுதான்" என்று வந்தது. உன்னைத் தேற்றினேன். என் தப்புக்கு உன்னைத் தேற்றிய என் வாயை என்னவென்று சொல்ல.

அதன்பிறகு நீ பட்டறையில் பேனாவைத் தொடவில்லை. மறதிக்கு டாக்டரிடம் போனாய். அவர் ஒன்றுமில்லை என்றார், நீ நம்பவில்லை. பட்டறையை என்னிடம் விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலைக்குப் போனாய். காடி ஓட்டுவதை நிறுத்தினாய். மாதம் ஒரு ஞாயிறு பஸ் பிடித்து பாக்கார் ஆராங்குக்குப் போய் அந்தம்மாவைப் பார்த்துவிட்டு வருவாய். ஒருமுறை நான் காடியில் கொண்டுபோய் விட்டேன், உள்ளே வரவில்லை. வெளியே இருந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தம்மா பேசிக்கொண்டிருந்தார், நீ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். திரும்பும் வழியில் உனக்குப் பிடித்த மீ கோரேங் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தேன். அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்தேன்.

மாரடைப்பு என்று போன் வந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் உன்னைப் பற்றி ஒரே மாதிரித்தான் பேசினார்கள். நேர்மையான மனுஷன், அந்த ஒரு தவறுதான் அவரைத் தின்றுவிட்டது என்று. நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

கருமாதி முடிந்த மறுவாரம் தங்கச்சி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். உன் பெட்டியை முன்னால் வைத்தாள். ஸ்பேனர்கள், காய்ந்துபோன மஞ்சள் பேனா, பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று. நோட்டு முழுக்க உன் கையெழுத்து. அடுப்பு அணைத்தேன். கேட் பூட்டினேன். மாத்திரை போட்டேன். நாள்வாரியாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மஞ்சள் கோடு. அவள் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நீள சீட்டின் படம் போட்டிருந்தாய். எட்டு வட்டம். இடது பக்கம் நாலில் மட்டும் மஞ்சள். அதன் கீழே எழுதியிருந்தாய்: 'நாலுதான் போட்டதா எனக்கு ஞாபகம். மச்சான் எட்டுன்னு சொல்றான். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.'

"மிச்சம் நாலு யாருண்ணே போட்டது?" என்று கேட்டாள்.

சொன்னேன். பைகளை, ஐஸ் பெட்டியை, என் வெட்கத்தை, ஒன்றுவிடாமல். அவள் அழவில்லை. நோட்டைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் போன் போட்டதாலதான் அவரு மறந்துட்டாருன்னு இவ்வளவு நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு, "தினம் மூணு தடவ எழுந்து போய் கேட்டப் பார்த்துட்டு வருவாரு. எரிச்சல்ல எத்தனையோ தடவ திட்டிருக்கேன்ணே" என்றாள். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. இந்தத் தீபாவளிக்கு அவள் என் வீட்டுக்கு வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பாக்கார் ஆராங்குக்கும் போனேன். அந்தம்மாவால் இன்றும் கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாசாமாசம் வந்து மன்னிப்புக் கேப்பாரு தம்பி. நானும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சு மன்னிச்சு அனுப்புனேன்" என்றார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை, அது நியாயம்தான்.

பட்டறையில் பழைய சீட்டு மாட்டி அனுப்பும் வேலையை நிறுத்திவிட்டேன். இன்ஜினியரிடம் வரைபடம் வாங்கி, நம் நீள சீட்டையே ஆய்வுக்குக் காட்டி, ஒப்புதல் வந்த பிறகுதான் வேனைக் கொடுக்கிறேன். வேலை குறைந்துவிட்டது. நாம் முன்பு செய்த வேன்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு அடியில் படுத்துப் பார்க்கிறேன். உன் கோடுகள் ஒன்றுகூட உடையவில்லை, மாப்ள. நான் பார்த்தவரை ஒன்றுகூட.

இன்று வாங்கிய பேனாவை முதலில் வேனுக்கு எடுக்கவில்லை. உன் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன். வெறுமையாக இருந்த நாலு வட்டத்தைத் தொடவில்லை. நீ எழுதியதற்குக் கீழே, மஞ்சளில், என் கையெழுத்தில் எழுதினேன்: 'நாலுதான் மாப்ள. நீ எதையும் மறக்கவில்லை.'