கொட்டாஞ்சேனைக் கூரையும் சூரியப் பாயும்

அன்பு மச்சான் ஜெரோம்,

நீ எங்களை விட்டுக் கண்மூடி எட்டு மாதமாகிறது. இன்றைக்கு நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன். சூரியப் பாய் விண்கலத்தைப் பிடித்துவிட்டோம்! "பிடிச்சிட்டமோ? ஆரோடயடா பிடிச்சனீ?" என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. சொல்கிறேன், பொறு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுக்கு வந்தது, உன் மொட்டைமாடி அன்ரெனாவைக் கழற்றத்தான். அதைக் கண்டாலே அழுகை வருகிறது என்று வதனி சொல்லியிருந்தாள். என் தங்கை அழுவதைவிட விண்கலம் தொலைந்துபோவது பரவாயில்லை என்று நினைத்தேன். முழு மனதோடு நினைக்கவில்லை. ஆறு வருடமாக நீ அங்கேயும் நான் வெள்ளவத்தையிலும் நின்று மாரடித்த வேலை அல்லவா?

கையில் ஸ்பானரோடு நின்றபோது அவள் மேலே வந்தாள்.

"இதக் கழட்டினா உங்கட வீட்டு அன்ரெனா வேலை செய்யாதோ அண்ணா?"

"செய்யும். பாயிலயிருந்து வாற சிக்னல் கேக்கும். அது எங்க நிக்குதெண்டு மட்டும் தெரியாது."

"பாயோ? படுக்கிற பாயோ?"

பதினொரு வருடம் உன்னோடு குடும்பம் நடத்தியவள் கேட்ட கேள்வி இது. நீ என்னத்தைத்தான் அவளோடு கதைத்தாய்?

கப்பல் பாயைக் காற்றுத் தள்ளுவதுபோல இதை வெயில் தள்ளுகிறது என்று சொன்னேன். தள்ளத் தள்ளப் பாதை விலகும், கணக்குப் போட்ட இடத்தில் அது நிற்காது. அதன் சிக்னல் உங்கள் கூரைக்கு முந்தி வருகிறதா, என் கூரைக்கு முந்தி வருகிறதா, எவ்வளவு முந்தி என்று ஒப்பிட்டால்தான் திசை பிடிபடும். அதற்கு இரண்டு கூரை வேண்டும்.

வதனி என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப ஏன் கழட்டுறீங்க? எப்பிடித் திருப்புறதெண்டு காட்டுங்கோ" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நான் என் மாடியில், அவள் உன் மாடியில், இருவர் காதிலும் போன். "கடல் பக்கம் திருப்பு" என்றேன். வெள்ளவத்தைக்காரனுக்குக் கடல் என்றால் மேற்கு. காலி வீதியில் நாங்கள் விலாசம் சொல்வதே கடல் பக்கமா, தரைப் பக்கமா என்றுதானே. விண்கலம் வந்தது, போனது. என் பக்கம் நன்றாகக் கேட்டது. அவள் பக்கம் வெறும் இரைச்சல்.

"எங்க பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

"முகத்துவாரம் பக்கம்."

"அது வடக்கெல்லோ! கடல் மேற்கில!"

"மேற்கில இருக்கிறது துறைமுகம். கடலெண்டா முகத்துவாரந்தான்."

மச்சான், நாம் இந்த வேலையைத் தொடங்கிய முதல் நாள் இதே சண்டை! நீயும் இதே வசனத்தைத்தான் சொன்னாய், சொல் பிசகாமல். வதனி பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தையில், என்னோடு ஒரே யன்னலில் கடல் பார்த்தவள். அவளுடைய கடலை எப்போது தூக்கி வடக்கே வைத்தாய்? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நேற்று 'மேற்கு' என்றே சொன்னேன். பின்னேரத்து வெயிலில் நின்று சரியாகப் பிடித்தாள். பதிவை எடுத்துக்கொண்டு இன்று காலை பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். இரண்டு பதிவுகளையும் லப்டொப்பில் ஒப்பிட்டோம். பொருந்தின, மச்சான்! கணித்த இடத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது பாய். வெயில் தள்ளித்தான் இருக்கிறது. நீ பார்த்திருக்க வேண்டும். அந்தக் குறையை என்னால் சிரித்துச் சமாளிக்க முடியவில்லை.

பிறகு, விண்கலத்தை ஏவியவர்களுக்கு முடிவை அனுப்பும் படிவம். 'கொட்டாஞ்சேனை நிலையத்தை இயக்கியவர்' என்ற இடத்தில் என் கை தன்பாட்டில் உன் பெயரை அடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த வதனி அதைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன்.

"என்ர பேரப் போடுங்கோ அண்ணா. வெயிலுக்க நிண்டு திருப்பினது நானெல்லோ."

உன் பெயர் மூன்றே எழுத்து. அதை அழிக்க எனக்கு இவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைக்கவில்லை. அவள் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் பெயரை எழுதி அனுப்பினேன்.

கோபிக்காதே. அந்த இடத்தில் இனி உன் பெயரை எழுதமாட்டேன். உனக்கு நான் தரும் வாக்கு அதுதான்.

உன் மனைவியின் அண்ணன்,
அதற்கு முன்பே நீ 'மச்சான்' என்று கூப்பிட்ட சிநேகிதன்,
ரவி