மூன்று கோழிகளும் ஒரு ஊசியும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பெசமினோ வீட்டில் இல்லை. போன வாரம் “மீன் பிடிக்கப் போயிருக்கான்” என்றாள் அவன் அக்கா ஃபுவாதினோ. இன்று “தோட்டத்துக்குப் போயிருக்கான்.” ஆனால் கோழி மட்டும் இரண்டு முறையும் தவறாமல் வந்தது, தேங்காய்ப் பாலில் வெந்த சேம்பிலையோடு. நானும் வெட்கமில்லாமல் வழித்துச் சாப்பிட்டேன்.

மனநல வார்டில் கிடந்தவர்களை வீட்டோடு வைத்தே, என்னைப் போன்ற நர்ஸ்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்து எட்டு மாதம். எங்கள் தீவில் பெசமினோதான் முதல் ஆள்; கடைசி ஊசியை வார்டிலேயே போட்டுக்கொண்டு போன மாதம்தான் வீட்டுக்கு வந்தான். மாத ஊசி நின்றால் காதுக்குள் குரல்கள் திரும்பிவிடும். ஏற்கெனவே பத்து நாள் தள்ளிப்போய்விட்டது.

மார்ச் 11, செவ்வாய்

மூன்றாவது கோழி. பெசமினோ இல்லை.

அவன் மாமா மௌலோலோதான் குடும்பத் தலைவர். முட்டி வலியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து நீளமாக வரவேற்றுப் பேசினார். கடைசியில், “அவனுக்கு ஒரு குறையும் இல்லம்மா. நீங்க இனிமே இவ்வளவு தூரம் சிரமப்பட வேண்டாம்.”

சிரமப்பட வேண்டாமாம்! வராதே என்பதை இதைவிட மரியாதையாக யார் சொல்ல முடியும்?

வண்டியில் டிரைவர் எனெலிகோ வேறு. “அக்கா, ஊசி போடுறீங்களோ இல்லையோ, கோழிய ஒரு கை பாத்துடுறீங்க.” வாயை மூடுடா என்றேன்.

மாலையில் பெரிய டாக்டர் போன். வெள்ளிக்கிழமைக்குள் ஊசி போடாவிட்டால் கப்பலேற்றித் தலைநகர் ஆப்பியாவின் வார்டுக்கே அழைத்துக்கொள்வார்களாம். போன தடவை கையைக் கட்டித்தான் கொண்டுபோனார்கள். திரும்பிவர ஆறு மாதம் ஆனது.

மார்ச் 12, புதன்

காலையிலிருந்து ஒரே கேள்வி குடைகிறது. கோழியைச் சமைத்தது யார்?

ஃபுவாதினோ என் எதிரே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். மௌலோலோவால் எழுந்திருக்கவே முடியாது. வீட்டில் வேறு ஆளே இல்லை. அப்படியானால் —

அட மக்கு! விருந்தாளி வந்தால், குடும்பத் தலைவர் பட்டம் இன்னும் கிடைக்காத ஆண்பிள்ளை பின்கட்டு அடுப்படியில்தானே நிற்பான்? என் தம்பியும் அங்கேதானே நிற்கிறான்? வெள்ளைச் சீருடை, அரசாங்க வண்டி, ஊர் எல்லையிலேயே ஹாரன் — நானே விருந்தாளியாகிவிட்டேன். அவனை அடுப்படிக்குத் துரத்தியது சாட்சாத் நான்தான்.

மார்ச் 13, வியாழன்

வண்டியைத் தேவாலயத்திலேயே விட்டேன். பழைய பூப்போட்ட லுங்கி கட்டிக்கொண்டு, சேம்புத் தோட்டம் வழியாகப் பின்பக்கம் போனேன். விறகின் மேல் கல்லை அடுக்கிச் சூடேற்றும் எங்கள் ஊர் அடுப்பு; புகைக்கு நடுவே பெசமினோ! பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவ ஆரம்பித்தேன்.

“ஐயையோ! நீங்க முன்னால உக்காரணும்.”

“முன்னால உக்காந்தா நீ வரமாட்டியே. ஊசின்னா பயமா?”

“பயமில்ல. விருந்தாளி முன்னால நான் வந்து நின்னா மாமாவுக்குத் தலைகுனிவு.” விறகை உள்ளே தள்ளிவிட்டு, “நீங்க வர்றப்பல்லாம் கோழி அடிக்கச் சொல்றாங்க. இன்னும் ஒண்ணுதான் மிச்சம்.”

சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது. எத்தனை சுலபமாகத் தின்றேன்!

காதுக்குள் குரல் வருகிறதா என்று கேட்டேன்.

“வருது. அடுப்புல கல்லு சூடேறி வெடிக்கிறப்ப மட்டும் கேக்கறதில்ல.”

எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத விஷயம்.

அங்கேயே ஊசி போட்டேன். ஓடிவந்த ஃபுவாதினோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சிஸ்டர், கோழி அடிக்கட்டுமா?” என்றாள்.

“அடிச்சுப் பாரு, அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

ஏப்ரல் 10, வியாழன்

பின்பாதை. ஊசி. வெறும் சேம்புக்கிழங்கு. மிச்சமிருந்த அந்தக் கோழி என் காலையே சுற்றிச் சுற்றி வந்தது.

மே 8, வியாழன்

பெசமினோவுக்கு ஊசி போட்டதும், அடுத்த ஊரில் ஒருவன் இருப்பதாகச் சொன்னான். வார்டில் இவன் பக்கத்துக் கட்டிலாம். வீட்டார் வெளியே சொல்வதில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினேன்.

“வண்டி எதுக்கு? அவங்ககிட்ட ரெண்டே கோழிதான் இருக்கு.”

முன்னால் நடந்து வழிகாட்டினான். பின்கட்டில் அந்த ஆள் முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தான். நான் பேசப் பேச இன்னும் சுருண்டுகொண்டான். பெசமினோ ஒன்றும் கேட்காமல் அடுப்பில் விறகு மூட்டி, கல்லை அடுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் காத்திருந்தோம். நானா இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

முதல் கல் வெடித்தது. அந்த ஆள் தலையை நிமிர்த்தினான்.

“இப்ப கேக்கலல்ல?” என்றான் பெசமினோ.